கோகிலவாணியின் தூக்கம் நிழற்குடைக்குப் போன கதை

ஊர் ஒன்று இருந்ததாம், அந்த ஊர் ஒருநாளும் வாய் மூடினதில்லையாம். காலை ஷிப்டும் சாயங்கால ஷிப்டும் கைமாறுகிற நேரத்தில்கூட எங்காவது நாலு விசைத்தறி ஓடிக்கொண்டுதான் இருக்குமாம், அந்தச் சத்தத்திலேயே பிள்ளைகள் பிறந்து, அந்தச் சத்தத்திலேயே பல் முளைத்து, அந்தச் சத்தத்திலேயே கண்ணயர்ந்து வளருமாம்; கரண்ட் போய்த் தறி நின்றால்தான் தொட்டில் பிள்ளைகள் வீரிட்டு எழுந்து அழுமாம். அந்த ஊரில் அர்த்தநாரி என்று ஒரு தறிக்காரர், அவர் சம்சாரம் பாவாயி, இருவருக்கும் ஒரே பெண் கோகிலவாணி.

கோகிலவாணிக்கு இருபத்தேழு வயது. குரூப் டூ பரீட்சையை இரண்டு தடவை எழுதி, இரண்டாம் தடவை ஒரே ஒரு கேள்வியில் தவறவிட்டவள். அந்தக் கேள்விக்கு விடை அவளுக்குத் தெரியும். பரீட்சை மண்டபத்தில் ஞாபகம் வரவில்லை, திரும்பி வருகிற பஸ்ஸில், ஆற்றுப் பாலம் தாண்டினதும் வந்தது. மூன்றாம் தடவைக்கு அவள் படிக்க உட்கார்ந்தபோது அர்த்தநாரி, பிள்ளைக்கு இரைச்சல் ஆகாது என்று, வீட்டோடு ஒட்டிய கூடத்தில் ஓடிய தன் இரண்டு தறியையும் நிறுத்தி, சாக்கைப் போட்டு மூடிவிட்டு, ஊர்க்கோடியில் செட்டு என்று சொல்கிற பெரிய தறிக் கொட்டகைக்குக் கூலிக்குப் போனார். முப்பது வருசத்தில் முதல் தடவையாக அந்த வீடு அமைதியானது. பார்த்தவர்கள் எல்லாரும் நல்ல காரியம் செய்தீர்கள் என்றார்கள்.

அந்த அமைதியில்தான் கோகிலவாணிக்குத் தன் மண்டைக்குள் ஏதோ சொட்டுச் சொட்டாக ஒழுகுகிற மாதிரி கேட்டது. காலையில் படித்த சட்டப்பிரிவு சாயங்காலம் இல்லை என்று பயந்தாள். பயந்தவள் கையில் போன் இருந்தது, போனில் ஒரு விளம்பரம் வந்தது, விளம்பரத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவன் அவளையே பார்த்துப் பேசினான்: முழுக்க மூலிகை, வல்லாரையும் அமுக்கராவும் மட்டும்தான், டாக்டர் சீட்டு வேண்டாம், ஒரு தடவை படித்தால் கல்லில் வெட்டின மாதிரி நிற்கும். நாலாம் நாள் கூரியரில் ஒரு டப்பா வந்தது. டப்பாவின் மேல் ஒரு மனிதத் தலையும், தலைக்குள் எரிகிற பல்பும் படமாகப் போட்டிருந்ததால் பின்னால் ஊரில் அதற்குப் பல்பு மாத்திரை என்றே பெயர் நின்றுவிட்டது.

மாத்திரை வேலை செய்தது, அதை இல்லையென்று சொல்ல முடியாது. ஒரு மாத்திரை போட்டவள் நாலு மணி நேரம் தலைநிமிராமல் படித்தாள். இரண்டு போட்டவள் எட்டு மணி நேரம் படித்தாள். பரீட்சை மாதத்தில் மூன்று போடலாம் என்று விற்றவனே போனில் செய்தி அனுப்பினான், மூன்று போட்டாள். ஆறுகளின் பெயர்களும், அரசர்களின் வருசங்களும், பிரிவுகளும் உட்பிரிவுகளும் அவளுக்குள் வரிசைகட்டி நின்றன, அவை நிற்க இடம் வேண்டுமே, அதனால் தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கிக் கொடுத்தது. ஆறு மணி நேரம் தூங்கினவள் நாலு மணி நேரம் தூங்கினாள், அப்புறம் இரண்டு, அப்புறம் கண்ணை மூடினால் இமைக்கு உள்பக்கமும் எழுத்தாகவே தெரிந்தது.

இப்படி முப்பது நாள் ஆன பிறகு, ஒரு திங்கட்கிழமை காலை, பாவாயி வாசலில் குனிந்து கோலப்பொடி எடுக்கிறபோது, கோகிலவாணியின் தூக்கம் எழுந்து வெளியே வந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. போர்வையை விலக்கினால் உள்ளேயிருந்து வருமே ஓர் இளஞ்சூடு, அது பாவாயியின் தோளை உரசிக்கொண்டு போனது, அதில் மகள் தலைக்கு வைக்கிற எண்ணெயின் வாசம் இருந்தது, வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து வழிவிட்டது. இலை போட்டு ரொம்ப நேரம் சோறு வராத விருந்தாளி எழுந்து போகிற தோரணையில், கோபம் இல்லாமல், திரும்பிப் பார்க்காமல் போனது. யாருடைய தூக்கம் என்று பாவாயிக்கு அந்த நேரத்தில் பிடிபடவில்லை. வீட்டிலிருந்து புறப்படுகிறவர்களுக்குச் சொல்கிற பழக்கத்தில், "போயிட்டு வாங்க" என்றாள்.

அது தெருவைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, ஊர்க்கோடிக்குப் போய், அங்கே இரண்டு பெரிய தறி செட்டுகளுக்கு நடுவில், பஸ் நிற்காமல் போய்ப் பத்து வருசமான நிழற்குடையில் சிமெண்ட் பெஞ்சின் மேல் படுத்துக்கொண்டது. ஓர் ஆள் படுக்கிற நீளம், கோகிலவாணியின் உயரம், அஞ்சடி இரண்டு அங்குலம்.

முதலில் அதில் உட்கார்ந்தவர் மாதேசு. தறித் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். பன்னிரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, பகலில் தகரக் கூரையின் கீழ் புரண்டு புரண்டு படுத்து, கண்ணில் மணல் போட்ட மாதிரி திரும்ப ஷிப்டுக்குப் போகிறவர். செருப்பு வார் அறுந்துவிட்டது என்று பெஞ்சில் உட்கார்ந்தார், அரை மணி நேரம் கழித்து எழுந்தபோது அவருடைய முதுகுவலியைக் காணவில்லை. எதிரில் இருந்த டீக்கடை மாஸ்டரிடம், தான் பத்து வயசில் தூங்கின தூக்கம் இது என்று சொல்லிவிட்டு, சொன்னதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு போனார்.

அடுத்த நாள் எட்டுப் பேர் வந்தார்கள். அதற்கு அடுத்த நாள் எத்தனை பேர் என்று மாஸ்டருக்கே தெரியவில்லை. யாரும் இது என்ன அதிசயம் என்று கேட்கவில்லை. தூக்கம் இல்லாத ஊரில் தூக்கம் கிடந்தால் அது எப்படி வந்தது என்று யார் கேட்பார்கள், குழாயில் தண்ணீர் வந்தால் குடத்தைத்தானே தூக்கிக்கொண்டு ஓடுவோம். தள்ளுமுள்ளு ஆனது. ஒரு நூல் லாரி டிரைவர் மூன்று மணி நேரம் எழவே இல்லை, நாலு பேர் காலைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் மாதேசு, இந்த ஊருக்குத் தெரிந்த ஒரே நியாயத்தை எடுத்தார். ஷிப்ட் போட்டார். காலை ஆறிலிருந்து சாயங்காலம் ஆறு வரை, ஆளுக்கு அரை மணி நேரம், நாளைக்கு இருபத்துநாலு பேர், நம்பர் போட்ட சீட்டு, பிள்ளைத்தாய்ச்சிக்கும் ஒரே சீட்டுத்தான், முதலாளிக்கும் ஒரே சீட்டுத்தான். நேரம் முடிந்தால் மாஸ்டர் கண்ணாடி டம்ளரில் கரண்டியால் மூன்று தட்டுத் தட்டுவார். எழுந்துவிட வேண்டும். கைத்துண்டை விட்டுவிட்டுப் போய் இடம் பிடிக்கக் கூடாது. நேர்மையான ஏற்பாடு. அவ்வளவு நேர்மையாக அந்த ஊரில் அதற்கு முன் எதுவும் நடந்ததில்லை.

ஆனால் ஒன்று. அந்தப் பெஞ்சில் படுத்த எல்லாருக்கும் ஒரே கனவு வந்தது. ஊடை நூல் சுற்றின தார்க்குச்சிகளைப் போட்டு வைக்கிற கூடைக்குள் சுருண்டு படுத்திருக்கிற மாதிரியும், தலைக்கு மேல் தறி வீடு உயரத்துக்கு நின்று ஓடுகிற மாதிரியும், ஒரு மனிதர் அறுந்த நூலை முடிந்துவிட்டு நடுநடுவே குனிந்து கூடைக்குள் பார்த்துச் சிரிக்கிற மாதிரியும். அந்தச் சிரிப்பு யாருடையது என்று எல்லாருக்கும் தெரிந்தது. அர்த்தநாரிக்கு முன்பல்லில் ஒன்று பாதி உடைந்திருக்கும். எழுந்தவர்கள் முகத்தைக் கழுவிக்கொண்டு, டீ குடித்துவிட்டு, ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்காமல் போனார்கள். கனவைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசினால் சீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வரும்.

தூக்கம் போன வீட்டில் கோகிலவாணி இன்னும் படித்துக்கொண்டிருந்தாள். தூக்கம் போய்விட்டது நல்லதுதான், இடைஞ்சல் இல்லை என்றே முதல் நாலு நாள் நினைத்தாள். ஐந்தாம் நாள் பேனா கையில் நிற்கவில்லை. ஆறாம் நாள் மார்பு படபடவென்று அடித்தது, நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடா பாதை மாறித் தெறிக்கிற தறி மாதிரி அடித்தது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் அவள் வாயிலிருந்து ஐந்தாண்டுத் திட்டங்கள் வந்தன, அழுதபோதும் வருசங்களாகவே வந்தன. ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, தண்ணீர் பிடிக்கிற இடத்தில் மூக்கில் ரத்தம் வழிய விழுந்தாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் ஜமீலா ரத்த அழுத்தம் பார்த்தார், நம்பாமல் இன்னொரு கையில் பார்த்தார். இருபத்தேழு வயசுப் பெண்ணுக்கு இது வரக் கூடாது, என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். பாவாயி டப்பாவை எடுத்து நீட்டினாள். டாக்டருக்கு அந்தப் படம் புதிதில்லை போலிருக்கிறது. போன வாரம்தான் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனுக்காக, இதே டப்பாவைப் பரிசோதித்துப் பார்க்கச் சொல்லி சேலத்தில் ஆய்வகத்தில் இருக்கிற தோழிக்கு அனுப்பி, பதிலும் வாங்கி வைத்திருந்தார்.

"மேலே எழுதியிருக்கிற மூலிகை உள்ளே இல்லைம்மா," என்றார் டாக்டர். "உள்ளே இருக்கிறது மேலே எழுதலை."

ஒரு மாத்திரையில் எட்டு டம்ளர் காப்பியின் வேகம் இருந்தது. அதோடு, வேறு ஏதோ தேசத்தில் நோயாளிகளுக்கு டாக்டர் பக்கத்தில் இருந்து அளந்து கொடுக்கிற மருந்து ஒன்று, இங்கே விற்க அனுமதியே இல்லாதது, அளவைப்போல நாலு மடங்கு இருந்தது. அதைவிட மோசம், ஒரு டப்பாவில் இருந்த அளவு அடுத்த டப்பாவில் இல்லை. கலந்தவனுக்கே தெரியாமல் கலந்திருந்தான். ஒவ்வொன்றும் தனியாகவே இருதயத்தை விரட்டும், இரண்டும் சேர்ந்தால் என்ன செய்யும் என்று யாரும் பார்த்ததில்லை, பார்த்துக்கொண்டிருப்பது உங்கள் மகள் உடம்பில்தான் என்றார் டாக்டர். அர்த்தநாரி விற்றவனின் நம்பருக்குக் கூப்பிட்டார். அது உபயோகத்தில் இல்லை. வெள்ளைக் கோட்டுக்காரன் வேறு பெயரில், வேறு டப்பாவோடு, அதே சிரிப்போடு போனில் பேசிக்கொண்டிருந்தான்.

குழாயடியில் பாவாயி இதைச் சொல்லி அழுததில், அன்று சாயங்காலமே ஆறு பெண்கள் முந்தானைக்குள் மறைத்து ஆறு டப்பா கொண்டுவந்து டாக்டர் மேசையில் வைத்தார்கள். பல்பு எரிகிற ஆறு தலைகள் மேசையில் வரிசையாக நின்றன. அந்த ஆறு வீட்டுத் தூக்கங்களும் இன்னும் வாசற்படியைத் தாண்டவில்லை, அவ்வளவுதான்.

மாத்திரையை நிறுத்தியாகிவிட்டது. அழுத்தத்துக்கு மருந்து, படபடப்புக்கு மருந்து, தூங்க வைக்க ஓர் ஊசி. ஊசி அவள் கண்ணை மூட வைத்தது, தூங்க வைக்கவில்லை. மூடின கண்ணுக்குள் விழி ஓடிக்கொண்டே இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன், போங்கள், ஆனால் எங்கே போனாலும் தூக்கம் வந்தாக வேண்டும், இன்னும் நாலு நாள் இப்படியே போனால் இந்த இருதயம் தாங்காது என்று டாக்டர் அர்த்தநாரியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. ஹால் டிக்கெட் அவர் சட்டைப்பையில் இருந்தது, மகள்தான் கொடுத்து வைத்திருந்தாள், தொலைத்துவிடாதீர்கள் என்று.

புதன்கிழமை சாயங்காலம் அர்த்தநாரியின் சீட்டு வந்தது. போன வாரமே எழுதிக் கொடுத்த சீட்டு. போக வேண்டாம் என்றுதான் நினைத்தார், ஆனால் மகள் விழுந்ததிலிருந்து அவரும் கண்ணை மூடவில்லை. படுத்தார். படுத்தவர் கூடைக்குள் இருந்தார். தறி வீடு உயரத்துக்கு நின்றது. மேலேயிருந்து உடைந்த பல்லோடு தானே குனிந்து தன்னைப் பார்த்துச் சிரிப்பதை அர்த்தநாரி பார்த்தார், அந்தச் சத்தம் ஒரு கை மாதிரி முதுகில் தட்டிக் கொடுத்ததை உணர்ந்தார், இவ்வளவு பத்திரமாக இந்தப் பிள்ளை இருந்திருக்கிறதா என்று நினைத்தார், அப்போது கரண்டி மூன்று தட்டுத் தட்டியது. தன் மகளின் தூக்கத்தில் அரை மணி நேரத்தைத் தானே தூங்கித் தீர்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

மாதேசு கையில் சீட்டுக்கட்டோடு நின்றுகொண்டிருந்தார். இது எங்க அம்மிணியோட தூக்கம் மாதேசு என்றார் அர்த்தநாரி. மாதேசு டீக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தெரியுங்ணா," என்றார். "படுத்த அன்னைக்கே தெரியுங்."

அப்புறம் அவர் பேசிக்கொண்டே போனார். நான் யாரைப் போய் வேண்டாம்னு சொல்லட்டும், சுலோச்சனா இரட்டைப் பிள்ளை பெத்து நாலு மாசமா கண்ணை மூடலை, தார் சுத்துற கிழவிக்கு முழங்கால் வலியில் தூக்கமே மறந்துபோச்சு, சனிக்கிழமை வரைக்கும் சீட்டுக் கொடுத்தாச்சு, கொடுத்த ஷிப்டைப் பிடுங்கினேன்னு சங்கத்துக்குப் பேர் வரலாமா, நீங்களே சொல்லுங்க. வரிசையில் நின்றவர்கள் அவரவர் சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும், பெரிய ஆபீசர் ஆகப் போகிற பிள்ளைக்குத் தூக்கம் எதற்கு என்று மெதுவாகக் கேலி பேசினார். கடைசியில் மாதேசு பெரிய மனசு பண்ணி, இடையில் காலியாக இருந்த ஒரு சீட்டில் கோகிலவாணி பெயரை எழுதினார். வியாழக்கிழமையிலிருந்து எண்ணினால் அறுபத்து மூன்றாவது சீட்டு. சனிக்கிழமை மதியம் ஒரு மணி.

முப்பது வருசத்தில் அடுத்தவன் ஷிப்டில் ஒருநாளும் நுழையாதவர் அர்த்தநாரி. தன் வீட்டுப் பொருளைத் திருப்பிக் கேட்க வந்த மனிதர், சீட்டை இரண்டு கையாலும் வாங்கி, ஹால் டிக்கெட்டோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். அவருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை, கொடுத்தவருக்கும் தோன்றவில்லை.

இரண்டு நாள் பெரிய ஆஸ்பத்திரியில் கம்பிகளைப் பொருத்திப் பார்த்தார்கள். சனிக்கிழமை, எங்கள் பொறுப்பில் கூட்டிப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அர்த்தநாரியும் பாவாயியும் அவளை அழைத்து வந்தார்கள். உச்சி வெயிலில் கோகிலவாணி தெருவில் நடந்தாள், இரண்டு பக்கமும் அப்பாவும் அம்மாவும், பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் ஜமீலா. அவள் முகம் வடித்த கஞ்சி மாதிரி இருந்தது, உதடு நதிகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தது. ஊர் அவளை அன்றுதான் நேராக முகம் பார்த்தது. பன்னிரண்டு நாளாக அவள் தூக்கத்தைப் பங்கு போட்டவர்கள் எல்லாரும் கதவோரம் வந்து நின்றார்கள், நின்றவர்கள் முகமெல்லாம் நன்றாகத் தெளிந்து, கன்னம் பூரித்து இருந்தது.

பெஞ்சின் பக்கத்தில் வந்ததும் அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அரை மணி நேரம் போதுங்கப்பா. நாளைக்கு எழுதிருவேன்."

படுத்தாள். தூக்கத்துக்கு அவளை அடையாளம் தெரிந்தது. ஆனால் அத்தனை பேர் புரண்டதில் அது துவைத்துத் துவைத்து இழுத்த துண்டு மாதிரி தேய்ந்து, முழங்கால் வரைக்கும்தான் எட்டியது. கால் இரண்டும் வெளியே, ஐஸ் மாதிரி கிடந்தன. பாவாயி பெஞ்சின் முனையில் உட்கார்ந்து அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நதிகள் ஒவ்வொன்றாக நின்றன. காவிரி கடைசியாக நின்றது. டாக்டர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வாட்ச்சைப் பார்த்தார், நூற்று முப்பது, நூற்று இருபது.

ஒன்றரை மணி ஆனது. மாஸ்டர் பழக்கத்தில் கரண்டியை எடுத்தார். அடுத்த சீட்டு சுலோச்சனாவுடையது. ஒரு பிள்ளை தோளில், ஒரு பிள்ளை இடுப்பில், கண்ணுக்குக் கீழே கரி பூசின மாதிரி கருவளையம், அவளும் மூன்று நாளாகக் காத்திருந்தவள்தான்.

"மாஸ்டர், கரண்டியக் கீழ வைங்க," என்றாள் சுலோச்சனா.

சீட்டைப் பல்லால் கடித்துக் கிழித்தாள், இரண்டு கையிலும் பிள்ளை இருந்ததே. துப்பிவிட்டு நடந்தாள். அவளுக்குப் பின்னால் தார் சுற்றுகிற கிழவி, சீட்டை டீ அடுப்பில் போட்டுவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு போனாள். அப்புறம் லாரி டிரைவர், அப்புறம் கேலி பேசினவர், அப்புறம் ஒவ்வொருவராக. ஒரு சீட்டு எரிய எரிய தூக்கம் ஓர் அங்குலம் வளர்ந்ததைப் பாவாயி தன் மடியில் தெரிந்துகொண்டாள்.

தானும் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்த மாதேசு, பிள்ளை அமைதியாகத் தூங்கட்டும் என்று, இரண்டு செட்டிலும் போய் மெயின் சுவிட்சை இறக்கினார். நூற்றுச் சொச்சம் தறியும் ஒரே நேரத்தில் நின்றன. ஊரே காது அடைத்துப்போய் நின்றது. எங்கோ நாலைந்து தொட்டில் பிள்ளைகள் வீரிட்டு அழுதன. கோகிலவாணியின் இமை துடித்தது. மூடின கால் திரும்பவும் வெளியே வந்து சில்லிட்டது. உதடு அசைந்து, காவிரி என்றது.

அப்போதுதான் அர்த்தநாரிக்கு, கைக்குழந்தையில் அவளைத் தறிக்குப் பக்கத்தில் படுக்கப் போட்ட கூடை ஞாபகம் வந்தது. பிள்ளைக்கு நல்லது என்று தன் கையால் சாக்கைப் போட்டு மூடின இரண்டு தறியும் ஞாபகம் வந்தன. இந்தத் தூக்கம் ஊரெல்லாம் விட்டு இரண்டு செட்டுக்கு நடுவில் வந்து ஏன் படுத்தது என்று அவருக்கு விளங்கியது.

"நிறுத்தாதீங்க, மாதேசு," என்றார். "ஓட்டுங்க. எல்லாத் தறியும் ஓட்டுங்க."

ஷிப்ட் முடிந்தவர்களும் ஓடினார்கள். வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் பாதித் தெருவில் திரும்பி, அவரவர் தறிக்கு ஓடினார்கள். முதலில் ஒன்று, அப்புறம் பத்து, அப்புறம் கூரைத் தகரம் அதிர, நிழற்குடையின் தூண் அதிர, பெஞ்ச் அதிர, நூற்றுச் சொச்சமும் ஓடின. கோகிலவாணி ஒரு பெருமூச்சு விட்டு, ஒருக்களித்து, முழங்காலை மடக்கிக் கூடைக்குள் படுக்கிற மாதிரி சுருண்டுகொண்டாள். தொண்ணூறு, என்றார் டாக்டர். எண்பத்தாறு. இருதயத்தில் விழுந்த அடி முழுக்க ஆறும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், வாரா வாரம் கூட்டி வர வேண்டும், சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போனார். மாதேசு மீதிச் சீட்டுக்கட்டை அடுப்பில் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஷிப்டுக்குப் போனார்.

அர்த்தநாரி ஹால் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தார். காலை ஒன்பது மணிக்கு வந்துவிட வேண்டும் என்று போட்டிருந்தது. போட்டோவில் அவள் கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தாள். மடித்துத் திரும்பப் பையில் வைத்தார்.

பாவாயிக்கும் கண் சொக்கியது. மகளின் தூக்கம் பாதம் வரைக்கும் வந்து, அவள் மடியிலும் கொஞ்சம் ஏறியிருந்தது.

"ஏனுங்க," என்றாள், கண்ணைத் திறக்காமலே. "வீட்டுல அந்தச் சாக்கை எடுத்துப் போட்டுட்டு, ஒரு தறியாவது ஓட்டுங்க. திரும்பி வரும்போது அதுக்கு வீடு அடையாளம் தெரிய வேண்டாமா?"

சரி என்றார் அர்த்தநாரி. துண்டை எடுத்து மகள் முகத்தில் வெயில் படாமல் தூணில் கட்டினார். அப்புறம் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, தெருவுக்குள், வீட்டைப் பார்த்து நடந்து போனார்.